செல்லாயி ஆற்றுப் பரிசல்

செல்லாயிமேட்டில் பெண்ணெடுக்க வருகிறவர்கள் பூ, பழம், சேலைத் தட்டோடு கொஞ்சம் தைரியத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அந்த ஊரில் தாலி ஏறிய கையோடு பெண்ணையும் மாமியாரையும் ஒரு பரிசலில் உட்கார வைத்து, எட்டு ஆள் தோளில் தூக்கி, ஊருக்குத் தெற்கே இருக்கிற ஆத்துப்பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஆத்துப்பள்ளம் என்றதும் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் நெல், நடுவில் டிராக்டர் போகிற தடம். அந்தத் தடத்தின் மேல்தான் பரிசல் ஆடி ஆடிப் போகும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போயிற்று.

காவேரிக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், பெயர் செல்லாயி என்பது ஊர்க்கதை. அக்காவும் தங்கச்சியும் மேற்கே இருந்து கைகோத்துக்கொண்டு வந்தார்களாம். முக்கொம்பு வந்ததும், ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படுத்திருப்பது அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், காவேரி கொள்ளிடம் என்று இரண்டு கையாலும் அவரை வளைத்துக் கட்டிக்கொண்டாள். "எனக்கு எங்கக்கா எடம்?" என்று சின்னவள் கேட்டது அக்காவின் காதில் விழவேயில்லை. சின்னவள் கோபித்துக்கொண்டு ஜீயபுரத்துக்குத் தெற்கே ஒதுங்கி வந்து, இந்த ஊரில் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். படுத்தவளுக்குப் பெண்பிள்ளைகள் மேல் மட்டும் பிரியம் போகவில்லை. புருஷன் வீடு போகிற பெண்ணைப் பரிசலில் வைத்துத் தன்னிடம் காட்டிவிட்டுப் போனால், அவளுக்குக் கடைசிவரைக்கும் துணை இருப்பாள்.

இருசம்மாள் இதை நம்பினாள். சும்மா நம்பவில்லை, கடன்பட்டு நம்பினாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் வயிறு திறக்காமல், டாக்டரும் கைவிரித்து, போகாத கோயில் இல்லை என்று ஆனபிறகு ஒரு நாள் ஆத்துப்பள்ளத்தில் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தவள், அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். "செல்லாயி, ஒரு பொண்ணக் குடு. கண்ணாலத்தன்னைக்கு பரிசல்ல வெச்சு ஒங்கிட்டக் காட்டாம வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அடுத்த வருஷம் ஜோதி பிறந்தாள். இப்போது ஜோதிக்குக் கல்யாண வயசு வந்து, தென்னூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்து, அவள் போகிற பஸ்ஸிலேயே வந்துபோன காட்டூர்ப் பையன் கலையரசனைப் பிடித்துப்போய், அவனுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீடும் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றுகிற நாள் வரைக்கும் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டது.

மாட்டவைத்தது அமிர்தம், கலையரசனின் அம்மா. காட்டூரில் சொந்தமாக மாவு மில் வைத்திருக்கிறவள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற குரல். மில்லில் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல், பந்தலில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பரிசலா? ஆறு எங்க இருக்கு?"

"ஆறு உள்ள போயிருச்சு சம்பந்தி" என்றாள் இருசம்மாள்.

"உள்ள போனது போனதாவே இருக்கட்டும். எங்க ஜனங்க அத்தன பேரும் போன வெச்சிக்கிட்டு வருவாங்க. வெறுந்தரையில என்னைய பரிசல்ல தூக்கிட்டுப் போறத வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்புவாங்க. அப்புறம் நா மில்லுல எப்படி உக்காருறது? பொண்ண கார்ல அனுப்புங்க, போதும்."

"பரிசல் இல்லாம எம்பொண்ணு வாசப்படி தாண்டமாட்டா."

"அப்ப தாண்ட வேணாம்!"

ஜோதி கலையரசனைப் பார்த்தாள். கலையரசன் தன் செருப்பைப் பார்த்தான்.

இருசம்மாளின் புருஷன் நல்லுசாமி சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தெரியும், ஆள் பேச்சுக்கு முட்டுக் கொடுக்கத் தெரியாது. அன்றைக்கு என்னவோ வாயைத் திறந்துவிட்டார். "சம்பந்தியம்மா, ஆறு இருந்துச்சா இல்லையான்னு பாக்க காலேஜ்லேர்ந்தே ஆளு வந்துருக்காங்க. நம்ம பள்ளத்துலதான் குழாய் எறக்கப் போறாங்க. அவங்க சொல்லிட்டா ஒத்துக்குவீங்களா?"

அமிர்தம் கொஞ்சம் யோசித்தாள். காலேஜ் என்றால் அவளுக்கு மரியாதை. "சரி. ஆறு இருந்துச்சுன்னு அவங்க சொல்லட்டும், மொத ஆளா நா ஏறி உக்காருறேன். இல்லன்னா கார்தான். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் இருசம்மாள். செல்லாயி இருக்கிற தைரியத்தில் சொன்னாள்.

காலேஜிலிருந்து வந்தவள் பெயர் ஷாஜியா. தென்னூர்ப் பெண். மண்ணைத் தோண்டிப் பழைய ஆறுகள் ஓடிய வழியைக் கண்டுபிடிக்கிறது அவளுடைய ஆராய்ச்சி. காவேரி ஒரு காலத்தில் இங்கேயும் ஒரு கிளை விட்டிருக்குமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம், அதற்கு ஊர்க்கதையும் ஒரு காரணம். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக அவள் வரப்பில் நடந்து வந்தபோது இருசம்மாள் முதலில் சர்க்கரை ஆலை ஆபீசர் என்று நினைத்தாள். பிறகு டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். "நா டீச்சர் இல்லம்மா" என்று ஷாஜியா இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளத்தில் மூன்று கம்பங்களைச் சேர்த்து முக்காலி நட்டு, காத்தான் என்கிற வேலையாளும் இரண்டு பேரும் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் குழாயை மேலே இழுத்தால் உள்ளே கட்டியாக மண் வரும். ஷாஜியா அதைத் தொட்டு, கசக்கி, ஒரு தடவை நாக்கிலும் வைத்துப் பார்த்தாள்.

"என்னாது, மண்ணத் திங்கிறீங்க!"

"பல்லுல நறநறன்னா மணல்மா. வழவழன்னா களி."

இலைக்கட்டை காந்தி மார்க்கெட் வண்டியில் ஏற்றிவிட்டு நேரே அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள் இருசம்மாள். நீராகாரமும் சின்ன வெங்காயமும் கொண்டுவருவாள். மத்தியானத்துக்கு வாழைப்பூ வடையும் கெண்டை மீன் குழம்பும். "கறின்னா நீங்க யோசிப்பீங்க. மீனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். "மீனுக்கு ஒண்ணுமே இல்லம்மா, ஊத்துங்க" என்று ஷாஜியா இலையை நீட்டினாள். முள் எடுத்துப் போட்டுக்கொண்டே, மணல் கிடைத்தால் கறுப்புக் குழாயில் வெளிச்சம் படாமல் அடைத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவோம் என்றாள். அந்த மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்களாம்.

"மண்ணுக்கு வெயிலு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்மா. புதைஞ்ச அன்னைலேர்ந்து ஞாபகம் வெச்சிருக்கும்."

"ஆத்தாடி! எங்க வீட்டுக்காரருக்கு நேத்து சொன்னது இன்னிக்கு ஞாபகம் இல்ல" என்றாள் இருசம்மாள். காத்தான் சுத்தியலை விட்டுவிட்டுச் சிரித்தான்.

சிரிப்பெல்லாம் முதல் இரண்டு நாள்தான். குழாய் இறங்க இறங்கக் களி, களி, கறுப்புக் களி. மணல் வரவேயில்லை. கடைசியில் ஷாஜியா இருசம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "மனசு கஷ்டப்படக்கூடாதும்மா. இங்க ஆறு ஓடல. வெள்ளம் வந்தப்ப தண்ணி தேங்கி நின்ன பள்ளம் இது. ஓடுற ஆறு இப்படிக் களிய விட்டுட்டுப் போகாது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேம்மா."

இருசம்மாள் வீட்டுக்கு வந்தாள். கொல்லைப்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ஜோதி வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். "ஏம்மா இதுக்குப்போய் அழுற? அவங்க அம்மா சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நா பரிசல்ல ஏறிட்டுத்தான் வருவேன்னு கலைகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்கு அழுவலடி. இல்லாத ஆத்துக்கிட்டயா ஒன்னைய கேட்டு வாங்குனேன்? அப்ப யாருடி குடுத்தா ஒன்னைய?" என்று கேட்டு மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த நல்லுசாமிக்கு நெஞ்சு வெந்துவிட்டது. பெண்டாட்டி அழுதால் தாங்கமாட்டாத மனிதர். என்ன செய்வது என்று யோசித்தவருக்கு ஒரு வழி தோன்றியது. அந்த வழி எப்படிப்பட்டது என்பது மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்தது.

மறுநாள் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மூட்டை கட்டலாம் என்று காத்தான் அதே குழியில் குழாயை இறக்கினான். மேலே இழுத்தால், உள்ளே மணல்! பளபளவென்று ஆற்று மணல். "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று நல்லுசாமிதான் முதலில் கத்தினார். இருசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஷாஜியா மணலை உள்ளங்கையில் கொட்டிக் கிளறினாள். மணலுக்கு நடுவிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட் வெளியே வந்தது.

ஷாஜியா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செல்லாயி ரெண்டு ரூவா ஷாம்புதான் போட்டுக் குளிச்சிருக்காங்க போல" என்றாள்.

காத்தான் விழுந்து விழுந்து சிரித்தான். நல்லுசாமியின் டிவிஎஸ் வண்டியில் சிமெண்டுச் சாக்கு இன்னும் கட்டியிருந்தது, அதில் காவேரி மணல் ஒட்டியிருந்தது. விடிவதற்குள் ஆற்றுக்குப் போய் மூட்டை கட்டி வந்து குழியில் கொட்டியிருக்கிறார்.

"அட மனுசா! ஒங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்று இருசம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். "படிச்ச புள்ள வெயில்ல நாலு நாளா நின்னு பாக்குது, நீங்க மூட்டையில ஆத்தக் கொண்டாந்து கொட்டுறீங்களா? இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எப்புடிப் பொய் சொல்ல வந்துச்சு?"

"நீ அழுதியே புள்ள" என்றார் நல்லுசாமி தரையைப் பார்த்து.

இருசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டு ஷாஜியாவிடம் திரும்பினாள். "ஒங்க குழியக் கெடுத்துட்டோம் டீச்சரம்மா. மன்னிச்சிக்கங்க. வேற எங்க போடணும்னு சொல்லுங்க, எங்க வீட்ட இடிச்சுப் போடணும்னாலும் போட்டுக்கங்க."

"வீட்ட இடிக்க வேணாம்மா" என்று ஷாஜியா சிரித்தாள். "ஒப்பிட்டுப் பாக்க மேட்டுலயும் ஒண்ணு போடணும்னுதான் இருந்தேன். ஊருக்குள்ள எடம் கேக்க சங்கடமா இருந்துச்சு. உங்க கொல்லையில போடலாமா?"

வேறு நாளாயிருந்தால் இருசம்மாள் யோசித்திருப்பாள். கொல்லையில் கறிவேப்பிலை மரமும் மாட்டுக் கொட்டகையும் போக மிச்சம் ஒரு கட்டில் போடுகிற இடம்தான். அன்றைக்கு வாய் திறக்க முகம் ஏது? மாட்டை அவிழ்த்து வாசலில் கட்டினாள்.

சாயங்காலம் முக்காலி நட்டு அடித்தார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே சாம்பல், ஓட்டாஞ்சில்லு, பழைய மண். காத்தான் ஒரு அடி அடித்தான், குழாய் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி தானாக இறங்கியது. "மேடம்!" என்றான் குரல் மாறி. இழுத்தார்கள். குழாயின் வாயிலிருந்து மணல் சரிந்து கொட்டியது. வெள்ளையும் பழுப்புமாகக் கரடுமுரடான மணல். அடுத்த தடவை இன்னும் பெருமணல். அதற்கடுத்து உருண்டு வழுவழுப்பான கூழாங்கல், நடுவே ஒரு மட்டிச் சிப்பி.

ஷாஜியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாஷா அல்லாஹ்! இங்கதான்மா ஓடியிருக்கு!"

இருசம்மாள் புருஷனை ஒரு முறை முறைத்தாள். நல்லுசாமி இரண்டு கையையும் தூக்கினார். "ஆத்தா மேல சத்தியமா நா இல்ல!"

"அவரு இல்லம்மா. முப்பதடி ஆழத்துல யாரும் கொட்ட முடியாது" என்றாள் ஷாஜியா.

செய்தி பரவி அரை ஊர் கொல்லையில் கூடிவிட்டது. அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டிலும் போடு, எங்கள் வீட்டிலும் போடு என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் மேட்டில் போட்ட குழியிலெல்லாம் மணல் வந்தது. மேடு நெடுக, ஊர் நெடுக, கிழக்கும் மேற்குமாக ஓர் ஆறு படுத்திருந்தது. அதன் முதுகின் மேல் வீடு கட்டி, அடுப்பு மூட்டி, மாடு கட்டி, இவ்வளவு காலமும் எதிரே இருந்த பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது செல்லாயிமேடு.

"ஆறுன்னா பள்ளத்துலதான ஓடும்? மேட்டுல எப்புடி?" என்று இருசம்மாள் கேட்டாள்.

"ஓடுனப்ப அது மேடு இல்லம்மா. ஆறு நின்னுபோன பெறகு பக்கத்துல இருந்த களி காய்ஞ்சு காய்ஞ்சு அமுங்கிடுச்சு. மணல் அமுங்காது, அப்படியே நின்னுடும்."

இருசம்மாள் யோசித்தாள். "பஞ்சு மூட்டைங்களுக்கு நடுவுல அரிசி மூட்டைய வெச்ச மாதிரியா? ஆளு ஏறி உக்காந்தா பஞ்சு எறங்கிடும், அரிசி எறங்காது."

"அதேதான்மா. ஆனா ஒண்ணு, ஆறு ஓடிச்சுன்னுதான் மண்ணு சொல்லும். அவ பேரு செல்லாயியான்னு எங்க மிஷினுக்குத் தெரியாது."

"அத நாங்க பாத்துக்குறோம்" என்றாள் இருசம்மாள்.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு அவள் கொல்லையில் அந்தக் குழியருகே நின்றாள். இதே கொல்லையை ஒட்டிய அறையில்தான் ஜோதி பிறந்தாள். மழை கொட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி வராத நாள். இருசம்மாள் மகளைக் கூப்பிட்டாள். "அடியே, நா எங்கயோ பாத்துக் கும்புட்டேன். அவ எங்காலுக்குக் கீழ இருந்து கேட்டுக்கிட்டு இருந்துருக்கா. நீ அவ மடியிலதான்டி பொறந்த!"

கறுப்புக் குழாயில் அடைத்து அனுப்பிய மணலுக்கு லேபிலிருந்து முடிவு ஆடியில் வந்தது. ஷாஜியா பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நேரில் வந்து சொன்னாள். அந்த மணல் வெயிலைப் பார்த்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்லுசாமி காட்டூருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த மாவு மில்லின் சத்தம் நின்றது. பிறகு அமிர்தம், "சொன்ன வாக்கு வாக்குதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அமிர்தம் தனியாக பஸ் பிடித்து வந்தாள். இருசம்மாள் வாழைக்கொல்லையில் இலை அறுத்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் வரப்பில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுடைய பெரிய குரலைக் காணோம்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"வீடியோ அது இதுன்னு அன்னைக்கு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு பயம் அதுக்கில்ல. எங்க தங்கச்சி கண்ணாலத்துல போட்டோவுக்கு நின்னப்ப மேடை பலகை எங்காலுக்குக் கீழ ஒடிஞ்சு போச்சு. அத்தன சனமும் சிரிச்சாங்க. எம்புருசனும் சிரிச்சாரு. அதுலேர்ந்து நா எந்த விசேஷத்துலயும் மேடை ஏறுறதில்ல. இப்ப எட்டு ஆம்பளைங்க என்னையத் தூக்கிட்டு, மூச்சு முட்டி, பாதி வழியில எறக்கி வெச்சாங்கன்னா? புள்ள கண்ணாலத்துல நா சிரிப்புக்கு எடமாயிடுவேன். வாக்குக் குடுத்துட்டேன், ஏறுறேன். ஆனா தூக்கமே வரமாட்டேங்குது."

இருசம்மாள் சிரிக்கவில்லை. அரிவாளை மட்டையில் கொத்தி வைத்துவிட்டு வந்து அமிர்தத்தின் கையைப் பிடித்தாள். இந்தப் பொம்பளையை எப்படியெல்லாம் மனசுக்குள் திட்டினோம் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாம இவ்வளவு அடிச்சிக்கிட்டிருக்க வேணாம்ல?"

"அத்தன பேருக்கு முன்னாடி எப்புடிச் சொல்றது?"

அதுவும் சரிதான். இருசம்மாள் கொஞ்ச நேரம் பள்ளத்தைப் பார்த்தாள், திரும்பி மேட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அமிர்தத்தின் கையை உலுக்கினாள். "ஏங்க சம்பந்தி, ஆறு எங்க இருக்கு?"

"ஒங்க வீட்டுக்குக் கீழதான இருக்குன்னாங்க."

"அப்ப பரிசலு எங்க இருக்கணும்?"

"ஆத்துல."

"ஆத்துல எறக்குன பரிசல எவனாச்சும் தோள்ல தூக்குவானா?"

அமிர்தத்துக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவள் குரல் திரும்பி வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் வாழைத் தோப்பில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் முனகத்தான் செய்தார்கள். காலங்காலமாய்த் தூக்கிய பரிசலைத் தூக்காமல் விடுவதா என்றார்கள். "காலங்காலமா தப்பான எடத்துலல்ல தூக்கியிருக்கோம்?" என்று இருசம்மாள் கேட்டாள். அதற்குப் பிறகு முனகல் அடங்கிவிட்டது. பரிசல் தூக்குகிற எட்டுப் பேர் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள்.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் வீட்டு வாசலில், கோலத்தின் மேல், மஞ்சள் பூசிய பரிசலை இறக்கி வைத்தார்கள். ஜோதி ஏறி உட்கார்ந்தாள். ஷாஜியா பட்டுச் சுடிதாரில் வந்து முன்வரிசையில் நின்றாள். அமிர்தம் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள், மறு காலையும் வைத்தாள், உட்கார்ந்தாள். பரிசலின் அடி குழிவு அல்லவா, தரையில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, நிமிர்ந்து, மெதுவாக ஆடியது.

"ஐயோ, ஆடுது சம்பந்தி!" என்று அமிர்தம் கையை நீட்டினாள்.

"ஆத்துல இருக்கோம்ல, ஆடத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே இருசம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அம்மா பரிசல் ஏறுகிற வழக்கமே கிடையாது. யாரும் தடுக்கவில்லை.

இருசம்மாள் குனிந்து, பரிசலுக்கு வெளியே கைநீட்டி, கோலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "செல்லாயி, சொன்ன மாதிரி கொண்டாந்து காட்டிட்டேன். இவதான் நீ குடுத்தவ. எங்கூட்ல இருந்தது போதும், இனிமே இந்தப் புண்ணியவதி வீட்டுல இருக்கப்போறா. பாத்துக்க."

அமிர்தம் தானும் சிரமப்பட்டுக் குனிந்து, இருசம்மாளின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். "அவள நா பாத்துக்குறேன் தாயே. நீ எங்க சம்பந்தியப் பாத்துக்க, வீடு வெறிச்சுன்னு ஆயிடும்ல" என்றாள்.

பிறகு மூன்று பேரும் அழுதார்கள். போட்டோக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சினார். சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டாயிற்று என்று நல்லுசாமி வந்து கூப்பிட்டபோது, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறோம், பாயசத்தை இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அமிர்தம் பரிசலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.